கருந்துளை இணைகள்: முடிவைக் கொண்டு தொடக்கத்தைக் கணித்தல்

வானியல் வரலாற்றுத் தொடர் – பகுதி 14

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகள் ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழக்கின்றன. இழக்க இழக்க நெருங்குகின்றன, கடைசியில் ஒன்றாகிவிடுகின்றன. இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிடும் சூத்திரத்தை ஃபிலிப் பீட்டர்ஸ் 1964இல் தந்தார். இணையும் காலம் இடைத்தொலைவின் நான்காம் படியைப் பொறுத்தது என்பது அதன் சாரம். தொலைவு பாதியானால் காலம் பதினாறில் ஒரு பங்காகும்.

சூரியனைப்போல் 30 மடங்கு நிறை கொண்ட இரண்டு கருந்துளைகளை எடுத்துக்கொண்டால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவில் அவை சுற்றிவந்தால் இணைவதற்கு ஏறத்தாழ 6 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகள்தான். அந்த வயதுக்குள் அவை இணைய வேண்டுமானால், இடைத்தொலைவு சுமார் 3.3 கோடி கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சூரியனிலிருந்து புதன் இருக்கும் 5.8 கோடி கிலோமீட்டரைவிட இது குறைவு.

புதிர் இங்கேதான் தொடங்குகிறது. இத்தகைய கருந்துளைகளைப் பெற்றெடுக்கும் பெருநிறை விண்மீன்கள் முதுமையில் சூரிய ஆரத்தைப்போல் ஆயிரம் மடங்குவரை, அதாவது 70 கோடி கிலோமீட்டர்வரை, வீங்கக்கூடியவை. தொடக்கத்திலிருந்தே நெருங்கியிருந்தால் வீங்கும்போது இரண்டும் ஒன்றாகிப்போகும். விலகியிருந்தால் கருந்துளைகளான பிறகு இணையவே போவதில்லை. விலகிப் பிறந்த விண்மீன்கள் நெருங்கிய கருந்துளைகளானது எப்படி? கருந்துளை இணைகளின் உருவாக்கத்தைக் கணக்கில் வடிக்கும் முயற்சிகள் அனைத்தும் இந்தக் கேள்விக்கான பதில்களே.

சென்னையிலிருந்து புறப்பட்ட கணக்கு

கருந்துளை என்ற கருத்துக்கு வழிதிறந்த கணக்குகளில் ஒன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930இல் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எச்சமான வெண்குறுமீனை அதிலுள்ள எலெக்ட்ரான்களின் அழுத்தம் தாங்கி நிற்கிறது. எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது சார்பியலைச் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த அழுத்தத்தால் தாங்க முடியாத ஒரு நிறை வருகிறது. 1931இல் வெளியான அவருடைய கட்டுரையில் அது சூரிய நிறையில் 0.91 மடங்காக இருந்தது. வெண்குறுமீனின் வேதிச் சேர்க்கையைச் சரியாக எடுத்துக்கொண்டபின் சுமார் 1.4 மடங்கு என நிலைபெற்றது.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் இந்த முடிவை வெளிப்படையாக எதிர்த்தார். விண்மீன் இவ்வாறு அளவின்றிச் சுருங்குவதை இயற்கை அனுமதிக்காது என்பது அவர் நிலைப்பாடு. 1939இல் ராபர்ட் ஓப்பன்ஹைமரும் ஹார்ட்லண்ட் ஸ்னைடரும் அழுத்தமற்ற தூசிக் கோளம் ஒன்று முடிவின்றிச் சுருங்குவதைப் பொதுச் சார்பியல் கொண்டு கணக்கிட்டுக் காட்டினர். ஆனாலும் வானியலாளர்கள் கருந்துளையை மெய்ப்பொருளாக எடுத்துக்கொள்ள மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

வரம்போடு சந்திரசேகரின் பங்கு முடியவில்லை. பிரேசில் இயற்பியலாளர் மாரியோ ஷோன்பெர்க்குடன் சேர்ந்து 1942இல் அவர் கண்ட இன்னொரு வரம்பு, விண்மீன்கள் வீங்குவதை விளக்கப் பயன்பட்டது. ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்த ஹீலியம் மையம், விண்மீனின் மொத்த நிறையில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலிருக்கும் பாரத்தைத் தாங்க முடியாமல் சுருங்குகிறது. வெளி உறை விரிகிறது. பெருநிறை விண்மீன்கள் இந்த வரம்பைத் தாண்டிய மையத்தோடுதான் ஹைட்ரஜன் எரிப்பை முடிக்கின்றன. அதனால் அவை வேகமாக வீங்குகின்றன. 1943இல் அவர் வகுத்த இயங்கியல் உராய்வு, விண்மீன் கூட்டத்துக்குள் நகரும் கனமான பொருள் சுற்றியுள்ளவற்றின் ஈர்ப்பால் வேகம் இழப்பதைக் கணக்கிட்டது. இரண்டு முடிவுகளுக்கும் பிற்காலக் கருந்துளை மாதிரிகளில் வேலை இருந்தது.

அல்கால் சொன்ன பாடம்

இரட்டை விண்மீன்களின் வரலாற்றைத் திருப்பிப்போட்டது அல்கால். 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை மங்கும் இந்த விண்மீன், உண்மையில் ஒன்றையொன்று மறைக்கும் இணை. பெரியது சூரியனைப்போல் 3.2 மடங்கு நிறை கொண்டது. இன்னும் இளமையாக ஹைட்ரஜனை எரிக்கிறது. சூரிய நிறையில் 0.7 மடங்கே உள்ள சிறியதோ வீங்கி முதுமை அடைந்துவிட்டது. நிறை அதிகமான விண்மீனே முதலில் முதுமை அடையும் என்ற விதிக்கு இது நேர்மாறு.

1955இல் ஜான் கிராஃபோர்ட் இதற்கு விளக்கம் சொன்னார். இன்று சிறியதாக இருப்பதே முன்பு பெரியதாக இருந்தது. அது வீங்கித் தன் ஈர்ப்பு எல்லையை நிரப்பியதும் மேலுள்ள வாயு துணைவிண்மீன் மீது கொட்டத் தொடங்கியது. நிறைகள் இடம் மாறின. இந்த ஈர்ப்பு எல்லைக்கு ரோஷ் மடல் என்று பெயர். 1967இல் ருடால்ஃப் கிப்பன்ஹானும் ஆல்ஃபிரட் வைகெர்ட்டும் இந்த நிறைமாற்றத்தைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிட்டனர். இரட்டை விண்மீன் பரிணாமத்தைக் கணினியில் மாதிரியாக்கும் துறை அங்கிருந்து வளர்ந்தது.

ஊடுகதிர் காட்டிய இணை

1964இல் ஏவிய ராக்கெட் ஒன்று அன்னம் விண்மீன் தொகுதியில் வலுவான ஊடுகதிர் மூலம் ஒன்றைக் கண்டது. அதுவே சிக்னஸ் எக்ஸ்-1. 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட உகூரு செயற்கைக்கோள் அந்த ஊடுகதிர் நொடிக்குள் ஏறி இறங்குவதை அளந்தது. அவ்வளவு வேகமாக மாறும் மூலம் மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் இருவரும் இங்கிலாந்திலும், தாமஸ் போல்டன் கனடாவிலும், அங்குள்ள நீலப் பெருவிண்மீன் 5.6 நாளுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்றைச் சுற்றுவதைக் கண்டனர். 2021இல் வெளியான அளவீட்டின்படி அந்தத் துணையின் நிறை சூரியனைப்போல் 21 மடங்கு; தொலைவு 7,200 ஒளியாண்டு.

இந்தக் கண்டுபிடிப்பு மாதிரியாளர்களுக்குப் புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. வாழ்வின் முடிவில் ஒரு விண்மீன் வெடித்துத் திடீரென நிறையை வீசி எறியும்போது, இணையின் மொத்த நிறையில் பாதிக்கு மேல் போய்விட்டால் இணை பிரிந்துவிடும் என்று ஆட்ரியன் பிளாவ் 1961இல் காட்டியிருந்தார். அப்படியிருக்க, வெடித்த பிறகும் ஊடுகதிர் இணைகள் பிரியாமல் நிற்பது ஏன்? நெதர்லாந்தின் எட்வர்ட் வான் டென் ஹ்யூவலும் ஜான் ஹைசும் 1972இல் விடை தந்தனர். வெடிப்பதற்கு முன்பே நிறைமாற்றம் நடந்துவிடுவதால், வெடிக்கும் விண்மீன் இணையில் இளைத்ததாக இருக்கிறது. இளைத்தது இழக்கும் நிறை மொத்தத்தில் பாதியைத் தொடுவதில்லை. அல்காலில் கற்ற பாடம் இங்கே இணையைக் காப்பாற்றியது.

இந்தியாவிலிருந்தும் இத்தகைய இணைகளைக் கவனிக்கும் பணி நடந்தது. 1996 மார்ச் 21 அன்று பிஎஸ்எல்வி ஏந்திச்சென்ற ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளில் இந்திய ஊடுகதிர்க் கருவி ஒன்று இருந்தது. கருந்துளை இணையான ஜிஆர்எஸ் 1915+105 சீராக வெடித்து வெடித்து அடங்குவதை அது பதிவுசெய்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் இதே வேலையை இன்னும் பெரிய கருவிகளோடு தொடர்ந்தது.

பொது உறை

விலகிய விண்மீன்கள் நெருங்குவதற்கு ஒரு வழியை 1976இல் போலந்தின் போதான் பச்சின்ஸ்கி முன்வைத்தார். இணையில் ஒன்று ஏற்கெனவே கருந்துளையாகிவிட்டது என்று கொள்ளலாம். இரண்டாம் விண்மீன் வீங்கும்போது அது கொட்டும் வாயு கருந்துளையால் விழுங்கி முடியாத அளவுக்குப் பெருகினால், அந்த வாயு இரண்டையும் சூழ்ந்துகொள்கிறது. இதுவே பொது உறை. உறைக்குள் சுற்றும் கருந்துளை உராய்வால் வேகம் இழந்து உள்நோக்கிச் சுருளும். அது இழக்கும் ஆற்றல் உறையைச் சூடாக்கி வெளியே தள்ளும். முடிவில் உறை போய்விடும். கருந்துளையும், தோலுரிந்த ஹீலியம் மையமும் மிக நெருக்கமான பாதையில் எஞ்சும்.

உறையைத் தள்ளுவதற்குப் பாதையின் ஆற்றலில் எவ்வளவு பங்கு பயன்படும் என்பது இந்த மாதிரியின் மையக் கேள்வி. 1984இல் ரொனால்ட் வெப்பிங்க் இதை ஓர் ஆற்றல் சமன்பாடாக எழுதினார். அந்தப் பங்குக்கு ஆல்ஃபா என்ற எழுத்து வழங்கலாயிற்று. ஆல்ஃபா சிறிதானால் உறை போவதற்குள் இரண்டும் ஒன்றாகிவிடும். பெரிதானால் போதுமான அளவு நெருங்காமலே உறை போய்விடும். அரை நூற்றாண்டாகியும் பெருநிறை விண்மீன்களுக்கு இதன் மதிப்பு உறுதியாகவில்லை.

லட்சக்கணக்கான இணைகளைப் பிறப்பித்தல்

ஓர் இணையின் வாழ்வை நுணுக்கமாகக் கணக்கிடுவது ஒரு வேலை. ஒரு விண்மீன் மண்டலத்தில் எத்தனை இணைகள் எப்படி முடியும் என்று சொல்வது வேறு வேலை. இரண்டாவதற்குத் தொகைக் கணிப்பு என்று பெயரிடலாம். விண்மீன்கள் எந்த நிறையில் எவ்வளவு பிறக்கின்றன என்பதற்கு எட்வின் சால்பீட்டரின் 1955ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அதையும், இடைத்தொலைவு, நிறை விகிதம் ஆகியவற்றின் பரவலையும் கொண்டு கணினி லட்சக்கணக்கான இணைகளைக் குலுக்கலில் பிறப்பிக்கிறது. ஒவ்வொன்றையும் நிறைமாற்றம், பொது உறை, வெடிப்பு, வெடிப்பில் கிடைக்கும் உந்து ஆகிய படிகள் வழியே நடத்திச் சென்று முடிவை எண்ணுகிறது.

மாஸ்கோவில் கோர்னிலோவும் லிபுனோவும் 1980களின் தொடக்கத்திலேயே இத்தகைய நிரலை எழுதினர். 2002இல் ஜாரட் ஹர்லி, கிறிஸ்டோபர் டவுட், ஓனோ போல்ஸ் மூவரும் வெளியிட்ட பிஎஸ்இ நிரல் இத்துறையின் பொதுக்கருவியாயிற்று. விண்மீனின் உள்ளமைப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடாமல், முன்பே பொருத்திவைத்த சூத்திரங்களை அது பயன்படுத்தியது. ஓர் இணையின் முழு வாழ்வும் நொடிக்குள் முடிந்தது. போலந்தின் கிறிஸ்டோஃப் பெல்சின்ஸ்கி குழுவின் ஸ்டார்ட்ராக், பின்னர் வந்த காம்பஸ் ஆகியவையும் இந்த வழி. இதற்கு மாறாக, 2011 முதல் வெளிவரும் பில் பாக்ஸ்டனின் மெசா நிரல் உள்ளமைப்பை அடுக்கடுக்காகத் தீர்க்கிறது. இது மெதுவானது, நுணுக்கமானது.

தொகைக் கணிப்பில் முடிவை அதிகம் மாற்றியது உலோகச் செறிவு. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாவற்றையும் வானியலில் உலோகம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கின்றனர். பெருநிறை விண்மீனின் ஒளி, மேற்பரப்பிலுள்ள இரும்பு போன்ற உலோகங்களைத் தள்ளி வாயுவைக் காற்றாக வீசச் செய்கிறது. உலோகம் அதிகமிருந்தால் காற்று வலுக்கும், விண்மீன் இளைக்கும், கருந்துளையும் சிறுக்கும். உலோகம் குறைந்த பழைய சூழலில் பிறந்த விண்மீன்கள் கனமான கருந்துளைகளைத் தரும். 2010இல் பெல்சின்ஸ்கி குழு இதைக் கணக்கில் சேர்த்தபோது, ஈர்ப்பலைக் கருவிகள் முதலில் பிடிக்கப்போவது நியூட்ரான் விண்மீன்களை அன்று, கருந்துளை இணைகளைத்தான் என்ற முடிவு வந்தது. லிபுனோவ் குழு 1997இலேயே இதைச் சொல்லியிருந்தது.

அலையின் வடிவம்

எத்தனை இணைகள் இணையும் என்று சொன்னால் போதாது. இணையும்போது வரும் அலை எப்படியிருக்கும் என்றும் தெரிய வேண்டும். இந்தப் பகுதியில் இந்தியர் பங்கு பெரிது. சந்திரசேகர் 1965இல் நியூட்டன் விதிக்குச் சார்பியல் திருத்தங்களைப் படிப்படியாகச் சேர்க்கும் கட்டுரை வரிசையைத் தொடங்கினார். 1970இல் எஸ்போசிட்டோவுடன் சேர்ந்து, ஈர்ப்பலை வெளியேறுவதால் அமைப்பின் மீது விழும் எதிர்விளைவு தோன்றும் படிவரை சென்றார். அதே ஆண்டில், பின்னாளில் பெங்களூரு நேரு கோளரங்கத்தை வழிநடத்திய சி.வி. விஸ்வேஸ்வரா, அலைக்கப்பட்ட கருந்துளை தனக்கே உரிய அதிர்வெண்ணில் அதிர்ந்து அடங்குவதைக் காட்டினார். இணைவின் கடைசிக் கணத்தில் வரும் அலை அதுதான்.

பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் பாலா ஐயர், பிரான்சின் லூக் பிளான்ஷே, திபோ தாமூர் முதலியோருடன் சேர்ந்து 1995இல் இணைகளின் அலையை இரண்டாம் சார்பியல் படிவரை கணக்கிட்டார். பிறகு அதற்கும் மேலே சென்றனர். இரைச்சலுக்குள் புதைந்த அலையைக் கண்டெடுக்க எத்தனை மாதிரி அலைகள் தேவை, அவற்றை எப்படித் தேர்வது என்பதை சஞ்சீவ் துரந்தரும் பி.எஸ். சத்யபிரகாஷும் 1991இல் வகுத்தனர்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் இரு இடங்களிலும் உள்ள லைகோ ஈர்ப்பலைக் கருவிகள் 0.2 நொடி நீண்ட அலையைப் பதிந்தன. 36, 29 சூரிய நிறை கொண்ட கருந்துளைகள் இணைந்து 62 சூரிய நிறையுள்ள ஒன்றாயின. மீதி 3 சூரிய நிறை அலையாகிப் போனது. இது நடந்தது 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில். 2016 பிப்ரவரி 11 அன்று வெளியான அறிவிப்புக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் பெயரும் இருந்தது. பாலா ஐயரிடம் ஆய்வுப் பட்டம் பெற்ற கே.ஜி. அருண் அங்கு பணியாற்றுபவர்.

ஒரு முடிவு, பல தொடக்கங்கள்

அதே 2016இல் பெல்சின்ஸ்கி குழு இந்த இணையின் வாழ்வைப் பின்னோக்கி எழுதியது. சூரிய உலோகச் செறிவில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத வாயுவில் சுமார் 96, 60 சூரிய நிறையில் இரண்டு விண்மீன்கள் பிறக்கின்றன. இடைத்தொலைவு 170 கோடி கிலோமீட்டர். பெரியது நிறையைக் கொட்டிக் கருந்துளையாகிறது. சிறியது வீங்கும்போது பொது உறை உண்டாகி, இடைத்தொலைவு சட்டென்று சுருங்குகிறது. பிறந்து 50 லட்சம் ஆண்டுகள் கடந்த கொஞ்ச காலத்தில் இரண்டும் கருந்துளைகள், இடையே 3.3 கோடி கிலோமீட்டர். அதன்பின் 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் சுற்றி இணைகின்றன.

ஆனால் இதே முடிவுக்கு வேறு வழிகளும் இருந்தன. 2016இல் இல்யா மாண்டல், செல்மா டி மிங்க் இருவரும் ஒரு வழியையும், பாப்லோ மார்ச்சண்ட் குழுவினர் அதே வழியின் நுணுக்கமான கணக்கையும் தந்தனர். மிக நெருங்கிப் பிறந்த விண்மீன்கள் வேகமாகச் சுழல்வதால் உள்ளிருக்கும் ஹீலியம் வெளிவரை கலந்துவிடும். அவை வீங்காமலே கருந்துளைகளாகும். பொது உறையே வேண்டாம், நிலையான நிறைமாற்றமே இணையைப் போதுமான அளவு நெருக்கிவிடும் என்று வான் டென் ஹ்யூவலும் மற்றவர்களும் 2017இல் காட்டினர். மூன்றாவது வழி, விண்மீன்கள் நெருங்கித் திரண்ட கோளக் கொத்துகளில் நடப்பது. அங்கே சந்திரசேகரின் இயங்கியல் உராய்வால் கருந்துளைகள் நடுவில் சென்று சேரும். ஒன்றையொன்று கடக்கும்போது சுற்றும் இணையாகச் சேரும். மூன்றாவது ஒன்று மோதும்போது இன்னும் நெருங்கும். 2000இல் சைமன் போர்ட்டகீஸ் ஸ்வார்ட்டும் ஸ்டீவ் மெக்மில்லனும் இதைக் கணக்கிட்டிருந்தனர்.

எந்த வழி என்று பிரித்தறிவது, திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பையர் அனுப்பிய துணித்துண்டைப் பார்த்து ரெசிபியைக் கண்டுபிடிப்பதை ஒத்தது. சாயங்களின் வெவ்வேறு கலவைகள் ஒரே ஷேடைத் தரலாம். சோதனைச் சாயத்துண்டான லேப் டிப்பை ஒரு விளக்கில் பார்த்தால் ஒத்துப்போகும், விளக்கை மாற்றினால் வித்தியாசம் தெரியும். கருந்துளை இணைக்கு நிறை ஒரு விளக்கு, சுழற்சி இன்னொரு விளக்கு. ஒன்றாகப் பிறந்து வளர்ந்த இணையில் இரண்டின் சுழல் அச்சும் பாதையின் அச்சோடு ஏறத்தாழ ஒத்திருக்கும். கொத்தில் சந்தித்துச் சேர்ந்த இணையில் அச்சுகள் எந்தத் திசையிலும் இருக்கலாம். இதுவரை பதிவான 200க்கும் மேற்பட்ட இணைவுகளில் இரண்டு வகையின் சாயலும் தெரிகிறது.

கணக்கை மீறியவை

1964இல் வில்லியம் ஃபௌலரும் ஃப்ரெட் ஹாயிலும் ஒரு நிறை இடைவெளியை எதிர்பார்க்கச் செய்யும் இயக்கத்தைக் காட்டியிருந்தனர். மிகக் கனமான விண்மீனின் மையத்தில் காமாக் கதிர்கள் எலெக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளாக மாறும், அழுத்தம் குறையும், மையம் சுருங்கி ஆக்சிஜன் திடீரெனப் பற்றும், விண்மீன் எச்சமே இல்லாமல் சிதறும். எனவே சுமார் 50 முதல் 130 சூரிய நிறைவரை விண்மீனிலிருந்து நேராகக் கருந்துளை பிறக்காது. ஃபௌலர் 1983இல் சந்திரசேகருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

2019 மே 21 அன்று பதிவான இணைவில் 85, 66 சூரிய நிறைகள் வந்தன, எஞ்சியது 142. 2023 நவம்பர் 23 அன்று பதிவானதில் மொத்தம் 200 சூரிய நிறையைத் தாண்டியது. முன்பே இணைந்து பெருத்த கருந்துளைகள் மீண்டும் இணைந்தன என்பது இதற்கான முதன்மையான விளக்கம். கொத்துகளின் வழி இதனால் வலுப்பெற்றது.

விண்மீன்களின் இருப்பிடத்தை அளந்த கையா விண்கலம் வேறொரு பக்கத்திலிருந்து சிக்கலைக் கொண்டுவந்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட கையா பிஎச்1, சுமார் 1,560 ஒளியாண்டுத் தொலைவில் சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றுடன் 186 நாளுக்கு ஒருமுறை சுற்றும் கருந்துளை. இதன் பாதை, வீங்கிய பெற்றோர் விண்மீன் தப்பவிடாத அளவுக்குச் சிறியது. பொது உறைக்குப் பின் எஞ்ச வேண்டியதைவிடப் பெரியது. 2024இல் வந்த கையா பிஎச்3 மாதிரிகளுக்குச் சாதகம். அதன் நிறை 33 சூரிய நிறை. துணைவிண்மீனில் உலோகம் மிகக் குறைவு. கனமான கருந்துளைக்கு உலோகம் குறைந்த பிறப்பிடம் வேண்டும் என்ற கணிப்பு நம் விண்மீன் மண்டலத்திலேயே மெய்ப்பட்டது.

இன்றைய நிலை

எல்லா இணைகளையும் ஒரே வழியால் விளக்கும் மாதிரி இன்று கிடையாது. தனித்துப் பிறந்த இணைகள், வீங்காத இணைகள், கொத்தில் சேர்ந்த இணைகள் மூன்றும் கலந்த தொகையே பதிவுகளோடு ஒத்துப்போகிறது. எந்த வழிக்கு எத்தனை பங்கு என்பதைத் தீர்மானிக்க ஆல்ஃபா, விண்மீன் காற்று, வெடிப்பின் உந்து ஆகிய மூன்றின் மதிப்பும் இறுக வேண்டும். அதற்கு இன்னும் ஆயிரக்கணக்கான இணைவுகளை எண்ண வேண்டியிருக்கிறது. அந்த எண்ணிக்கையைக் கூட்டவும், ஒவ்வொன்றும் வானில் எங்கே நடந்தது என்று துல்லியமாகச் சொல்லவும், மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ–இந்தியா நிலையம் திட்டமிடப்பட்டுள்ளது. 2016 பிப்ரவரியில் கொள்கை அளவில் ஒப்புதல் தந்த மத்திய அமைச்சரவை, 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு முழு ஒப்புதல் அளித்தது.

(தொடரும்)